தேடி வருபவர் கையில் கிடைக்க வேண்டும்

(கணினிப் பயிற்சி வகுப்பு நிறைவு நாளில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



அன்புப் பிள்ளைகளே, பெற்றோர்களே! இணையதளம் அமைக்கக் கற்றுக்கொண்டு வெளியே போகிறீர்கள். லாப நோக்கமில்லாத ஆய்வு நிறுவனம் ஒன்று தன் பழைய தளத்தைப் புதுப்பித்துத் தரும்படி நாளை உங்களிடம் கேட்கலாம். உடனே வண்ணம், படம் என்று இறங்கிவிடாதீர்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறைமாதப் பிரசவம் ஆகும் என்று தெரிந்ததும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் தேறும், பிழைக்க வாய்ப்புக் கூடும் என்றது அது. பிறகு வேறு பல ஆய்வுகளும் வந்தன. ஆனால் எல்லாம் ஆளுக்கொரு இதழில் சிதறிக் கிடந்தன. சேர்த்துப் பார்ப்பாரில்லை. பல ஆண்டுகள் எத்தனையோ மருத்துவர்கள் அந்த ஊசியைப் போடவே இல்லை. எத்தனை பச்சிளம் பிள்ளைகள் போயிருக்கும்! விடை இருந்தது, வேண்டியவர் கைக்கு வரவில்லை. 1993இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு இந்த ஆய்வுகளின் வரைபடத்தையே தன் சின்னமாக வைத்திருக்கிறது. அதன் தளத்தில் மருத்துவருக்கான நீண்ட ஆய்வுரையோடு, நம்மைப் போன்றவர்களுக்கு எளிய சுருக்கமும் உண்டு. சில சுருக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன.

மற்ற பல தளங்கள் எப்படி? அலுவலகத்தில் எத்தனை பிரிவோ, அத்தனை மெனு. ‘வெளியீடுகள்’, ‘திட்டங்கள்’, ‘வளங்கள்’. உள்ளே வேலை செய்பவருக்குப் புரியும். என் தம்பி மகளுக்கு எட்டாம் மாதமே வலி கண்டபோது, ஒரு நிறுவனத்தின் தளத்தைப் போனில் திறந்தேன். பெயர் வேண்டாம். ‘வளங்கள்’ என்பதை அழுத்தினால் நூறு பக்க பிடிஎஃப். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. மூடிவிட்டேன்.

ஆகவே முதலில் அட்டை வெட்டுங்கள். முக்கியமான நாற்பது பக்கங்களின் தலைப்பை அட்டைக்கு ஒன்றாக எழுதி, அந்த நிறுவனத்தில் இல்லாதவர்களிடம் கொடுங்கள். ஒரு நர்ஸ், ஒரு கல்லூரி மாணவி, ஒரு தாய். எதோடு எது சேரும் என்று அவர்களே அடுக்கட்டும், அடுக்குக்குப் பெயரும் வைக்கட்டும். மெனுவுக்கான சொல்லை அங்கிருந்து எடுங்கள். ‘மகப்பேறு’ என்று நாம் எழுதியதை அவர்கள் ‘பிரசவம்’ என்பார்கள்.

மாதிரித் தளம் தயாரானதும் ஐந்து பேரை உட்கார வைத்து, ஒரு கேள்வி கொடுத்து விடையைத் தேடச் சொல்லுங்கள். ஐந்து பேர் போதும், பெரும்பாலான கோளாறுகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000இல் எழுதினார். அப்போது நீங்கள் வாய் திறக்கக் கூடாது. “இங்கே அழுத்துங்க மாமி” என்று சொல்ல நாக்கு துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், அவர் திணறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் மறப்பது. பழைய பக்கங்களின் முகவரியை அழித்துவிடாதீர்கள். எங்கோ ஒரு மருத்துவர் தன் கட்டுரையில் அதைக் குறித்து வைத்திருப்பார். அந்த முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். தளத்தைத் திறந்துவிடும் முன், பழைய முகவரிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.