எடையை நம்பாத இழுவை
(கொல்லிமலை, செம்மேட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

இந்த உரையைப் பட்டணத்துக் கல்லூரி அரங்கில் வைக்காமல் மலைமேல் வைத்ததற்கு நன்றி. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி டிராக்டர் இங்கே வந்து சேர்ந்துவிடும். வந்தபின் அது எந்த நிலத்தில் இறங்கும்? பள்ளத்து நெல்வயல் படிப்படியாக இறங்குகிறது. ஒரு படியில் டிராக்டர் திரும்புவதற்கே இடம் போதாது. மேட்டுக்காட்டில் சாமையும் மரவள்ளியும் சரிவிலேயே நிற்கின்றன. அதனால் இங்கே உழவு இன்னும் பெரும்பாலும் மாட்டையும் மண்வெட்டியையும் நம்பியிருக்கிறது. மாடு வளர்க்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது. மலைக்கு இயந்திரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சமவெளிக்கு என்று வரைந்ததைச் சிறிதாக்கிக் கொடுத்தால் அது மலைக்கு இயந்திரம் ஆகாது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பொறியியல் மாணவர்களுக்காக ஒரு கணக்கு. சக்கரம் இழுக்கும் வலு அதன்மேல் இறங்கும் எடையைப் பொறுத்தது. ஓரளவு இறுகிய, காய்ந்த மண்ணில் அந்த எடையில் ஏறக்குறையப் பாதி இழுவையாகக் கிடைக்கும். மழை பெய்து மண் இளகிவிட்டால் பத்தில் மூன்று பங்கு கிடைப்பதே பெரிது. 400 கிலோ எடையுள்ள, கலப்பை பூட்டிய பவர் டில்லர் ஒன்றை வைத்துக்கொள்வோம். சமதரையில், காய்ந்த மண்ணில் அதன் இழுவை 200 கிலோ. ஐந்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் ஏறினால் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளவே 80 கிலோ செலவாகிவிடும். கலப்பைக்கு மிஞ்சுவது 120. மண் இளகினால் மொத்த இழுவையே 120தான். அதில் 80 போக 40 கிலோ. ஒரு ஜோடி மாடு நாள் முழுக்கத் தரும் இழுவை அவற்றின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. ஜோடிக்கு 500 கிலோ என்றால் 50 கிலோ. அதாவது, ஈர மண் சரிவில் அந்த இயந்திரம் ஒரு ஜோடி மாட்டுக்கும் குறைவாகவே இழுக்கிறது.

எடையைக் கூட்டினால் ஆகாதா? கூட்டலாம். இழுவை இரண்டு மடங்கானால், ஏறுவதற்கான செலவும் இரண்டு மடங்காகும். விகிதம் அப்படியே நிற்கும், வரப்புதான் சரியும். இழுவைக்கு எடையை நம்புவது சமவெளியின் வழி. அந்த வழியை விட்டு விலகி யோசித்தவர்கள், இழுவை இயந்திரத்தின் தொடக்க காலத்திலேயே மூன்று பேர் இருந்தார்கள். மலைக்காரர்களுக்கு அவர்கள்தான் முன்னோடிகள் என்று நான் கருதுகிறேன்.

முதலாமவர் ஜான் ஃபவுலர். நீராவி இயந்திரத்தை வயலுக்குள் இறக்கினால் அது மண்ணை மிதித்தே கெடுத்துவிடும் என்று கண்டவர். இயந்திரத்தை வயலின் ஓரத்தில் நிறுத்தினார். கம்பிவடத்தை உருளையில் சுற்றிக் கலப்பையை மட்டும் வயலுக்குள் இழுத்தார். 1858-இல் இங்கிலாந்தின் ராயல் வேளாண் சங்கம் இதற்காக அவருக்கு 500 பவுன் பரிசு கொடுத்தது. நம் மாநிலத்துக்கும் நீராவிக் கலப்பை வந்தது. 1860-களில் சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசன் முயற்சியால் இங்கிலாந்திலிருந்து கருவிகள் வரவழைக்கப்பட்டு, சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை அமைந்தது. அந்த மரபில் தோன்றிய வேளாண் பள்ளிதான் பின்னர் 1906-இல் கோவைக்குப் போய், இன்றைய வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நீராவிக் கலப்பை மட்டும் இங்கே வேர்பிடிக்கவில்லை. சிறு சிறு வயலும், மாட்டை வைத்து உழுகிற சிறு உழவரும் உள்ள நாட்டில் அவ்வளவு பெரிய பொறிக்கு இடமேது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோல் எஞ்சின் வயலுக்கு வந்ததும் சமவெளியில் கம்பிவடம் மெல்ல மறக்கப்பட்டது. எல்லோரும் இயந்திரத்தையே வயலில் ஓட்டத் துணிந்தார்கள். கலிபோர்னியாவின் சேற்று நிலத்தில் நீராவி டிராக்டர் புதைந்துபோவதைப் பார்த்த பெஞ்சமின் ஹோல்ட், 1904-இல் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பட்டைச் சங்கிலி மாட்டினார்; எடை பரவியது, புதைவது நின்றது. 1917-இல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் வந்தது. விலை குறைவு; சிறு விவசாயி கைக்கு எட்டிய முதல் டிராக்டர் என்றே அதைச் சொல்லலாம். ஆனால் அதற்கு ஒரு கொடிய குணம் இருந்தது. கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால் பின்சக்கரம் நின்றுவிடும்; எஞ்சின் நிற்காது. அப்போது சுழலும் வலு முழுவதும் முன்பாகத்தை மேலே தூக்கி, டிராக்டரைப் பின்பக்கமாகக் கவிழ்த்துவிடும். பலர் இறந்தார்கள்.

இந்த இடத்தில்தான் இரண்டாமவர் வருகிறார். ஹாரி ஃபெர்குசன், வட அயர்லாந்துக்காரர், பெல்ஃபாஸ்ட்டில் மோட்டார் தொழில் செய்தவர். முதல் உலகப்போர்க் காலத்தில் அயர்லாந்து வேளாண் துறை அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தது: ஊர் ஊராகப் போய் டிராக்டர் உழவை மேம்படுத்த வேண்டும். வயலில் நின்று பார்த்தவருக்கு ஒன்று விளங்கியது. டிராக்டரும் கலப்பையும் இரண்டு தனிப் பொருள்களாக இருக்கும்வரை இந்த ஆபத்து தீராது. கலப்பையைப் பின்னால் கட்டி இழுப்பதை விட்டுவிட்டு, கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று தண்டுகளால் டிராக்டரோடு இணைத்தார். மண் கலப்பையைப் பின்னுக்குத் தள்ளும் விசையை அந்தத் தண்டுகள் திசைதிருப்பி, பின்சக்கரத்தின்மேல் பாரமாக இறக்கின. மேல்தண்டு முன்பாகம் தூக்காதபடி தாங்கியது. இழுவை எவ்வளவு தேவைப்படுகிறதோ அந்த அளவுக்குப் பாரம் கூடும். உழவு முடிந்ததும் குறைந்துவிடும். நிரந்தரமாக இரும்பைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. ஆழத்தைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் ஏற்பாட்டுக்கு 1926-இல் காப்புரிமை வாங்கினார். 1938-இல் ஃபோர்டும் அவரும் கைகுலுக்கி உடன்பட, 1939-இல் ஃபோர்டு–ஃபெர்குசன் டிராக்டர் வந்தது. 1953-இல் அவர் நிறுவனம் மாசி–ஹாரிசோடு இணைந்தது. அந்த மாசி ஃபெர்குசன் மரபோடு 1960-இல் சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியது. இன்று நாமக்கல் பக்கம் ஓடும் எந்த டிராக்டரின் பின்னால் போய்ப் பார்த்தாலும் அந்த மூன்று தண்டுகளைப் பார்க்கலாம்.

ஃபெர்குசனைப் பற்றி நான் இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம் உண்டு. அவர் எஞ்சினைப் பெரிதாக்கவில்லை. நுகத்தடியும் ஏர்க்காலும் சேரும் இடத்தில் நம் தச்சர்கள் எவ்வளவு கவனம் வைப்பார்களோ, அதே இடத்தில்தான் அவரும் கவனம் வைத்தார்.

மூன்றாமவர் ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட், ஆஸ்திரேலிய விவசாயியின் மகன். 1912-இல் நியூ சவுத் வேல்ஸின் கில்காண்ட்ராவில், அப்பாவின் பண்ணை எஞ்சினை வைத்துச் சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். முதலில் மண் பக்கவாட்டில் சிதறியது. கத்தியை ஆங்கில எல் எழுத்துப்போல வளைத்ததும் சரியானது. 1920-இல் காப்புரிமை. இந்தச் சுழல்கத்தி மண்ணைக் கொத்தும்போதே இயந்திரத்தை முன்னால் தள்ளுகிறது. சக்கரத்தை இழுவைக்கு அவ்வளவாக நம்ப வேண்டியதில்லை. அதனால்தான் எடை குறைந்த எஞ்சினாலும் உழ முடிகிறது. ஜப்பானியர் இதைச் சிறு நெல்வயலுக்கு ஏற்ற பவர் டில்லராக வளர்த்தார்கள். 1967-இல் தொடங்கிய பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனமும் 1973-இல் தொடங்கிய கேரளத்தின் காம்கோ நிறுவனமும் ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு இங்கே அதைச் செய்தன.

நெல்வயலுக்கு அது நல்ல இயந்திரம். மலைச்சரிவுக்கு மூன்று குறைகள் உண்டு. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் அது உயிரோடு சம்பந்தப்பட்டது.

பவர் டில்லரின் இரு கைப்பிடிகளிலும் திருப்புவதற்குப் பக்கத்துக்கொரு கிளட்ச் உண்டு. இடது கிளட்சை அமுக்கினால் இடச்சக்கரத்துக்கு வலு போகாது; வலச்சக்கரம் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதரையில் சரி. இறக்கத்தில் வண்டியை எஞ்சின்தான் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே இடது கிளட்சை அமுக்கினால் இடச்சக்கரத்தின் பிடி விட்டுப்போய் அது வேகமாக உருளும். வலச்சக்கரம் மட்டும் பிடிபட்டு நிற்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். ஓட்டுபவர் இடப்பக்கம் போக நினைத்தார். இயந்திரம் பள்ளத்தின் பக்கம் போகிறது. பயந்து இன்னும் இறுக்கமாக அமுக்குவார். சமவெளியில் பழகிய கை அப்படித்தான் செய்யும். இறக்கத்தில் கிளட்சைத் தொடாதீர்கள், கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். சொல்வது சரிதான். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோவைச் சரிவில் கைப்பலத்தால் திருப்பு என்று ஒரு பெண்ணிடமோ வயதானவரிடமோ சொல்வது வடிவமைப்பாளரின் கடமையை உழவர் தலையில் கட்டுவது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி பிரேக் வைத்தால் இந்தக் குழப்பமே இல்லை. தொழில்நுட்பம் புதிதன்று, செலவும் பெரிதன்று.

மற்ற இரண்டு குறைகள்: பின்னால் நகர்த்தும்போது சுழல்கத்தி ஓடினால் காலை வாங்கிவிடும், ஆகவே ரிவர்ஸ் போட்டதும் கத்தி தானாக நிற்க வேண்டும். அடுத்தது மண். சுழல்கத்தி மண்ணைப் பொடியாக்குகிறது. சரிவில் பொடிந்த மண் முதல் பெருமழையில் கீழே போய்விடும். மண்ணைக் கீறிவிட்டுப் புரட்டாமல் போகும் நம் நாட்டுக் கலப்பை இந்த ஒரு விஷயத்தில் அந்த இயந்திரத்தைவிட மேலானது.

அதனால்தான் நான் மறுபடி ஃபவுலரிடம் போகச் சொல்கிறேன். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் கம்பிவட உழவு இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது. எஞ்சினும் உருளையும் மேலே நிற்கும். கலப்பையோடு ஒருவர் நடப்பார். இழுவை சக்கரத்தின் பிடிமானத்தைச் சார்ந்ததே இல்லை. நான் முன்னால் போட்ட கணக்கு அங்கே பொருந்தாது. அவர்கள் கீழிருந்து மேலாக உழுதார்கள். அது மண்ணரிப்புக்கு வழி. நாம் இங்கே மாடு கட்டி உழுவதுபோலச் சரிவுக்குக் குறுக்கே இழுக்க வேண்டும். நிலத்தின் ஒரு ஓரத்தில் சிறு எஞ்சினும் உருளையும், எதிர் ஓரத்தில் கப்பியும். இரண்டையும் நிலைநிறுத்தப் பலாவும் மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக்கும் இங்கே ஓரமெல்லாம் நிற்கின்றன. பட்டை காயப்படாமல் அகலமான வார் போட வேண்டும். கம்பிவடத்துக்குப் பதில் அதிகம் நீளாத செயற்கை இழைக்கயிறு போட்டால் எடை குறையும், அறுந்தால் திருப்பி அடிக்கும் வேகமும் குறையும். குறுக்கே இழுக்கும்போது கலப்பை கீழ்ப்பக்கம் வழுக்கும். அதைத் தடுக்க மண்ணில் பதியும் வட்டத்தகடு ஒன்று தேவைப்படும். அந்தத் தகட்டின் கோணத்தை எவ்வளவு வைப்பது என்பது இங்கே மண்ணில் சோதித்துத்தான் தெரியும். மாணவர்களே, அது உங்கள் வேலை.

யார் செய்வார்கள் என்று கேட்கலாம். அடிவாரத்தைப் பாருங்கள். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி கட்டுகிறார்கள். அந்த வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. உருளையும் கப்பியும் ஹைட்ராலிக்கும் அந்தப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. மலைமேல் தேவையும் அடிவாரத்தில் கைத்திறனும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே யாரும் வரைபடம் போடவில்லை.

மலைக்கு வந்த இயந்திரம் நிலைக்குமா என்ற சந்தேகத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. சாமையும் தினையும் குறைந்ததற்கு மரவள்ளி தந்த ரொக்கம் ஒரு காரணம். உரலில் குத்தி உமி நீக்கும் பாடு இன்னொரு காரணம்; அந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியப் பாதுகாப்பில் இறங்கியபோது, விதையைக் காப்பதோடு நிற்காமல் உமி நீக்கும் இயந்திரத்தையும் ஊருக்குள் கொண்டுவந்தது. அதை நடத்தும் பொறுப்பைச் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுத்தது. வேலையின் எந்த இடத்தில் உடம்பு தேய்கிறது என்று பார்த்து அங்கே இயந்திரத்தை வைத்தார்கள். உழவுக்கும் அதே பார்வை வேண்டும்.

கடைசியாக, சோதனை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி ஒரு டிராக்டர் வாங்கினார். ஹென்றி ஃபோர்டுக்குச் சம்பந்தமே இல்லாத, ஆனால் ஃபோர்டு என்று பெயர் சூட்டிய டிராக்டர். அது உழைக்கவில்லை. அவர் சட்டமன்றத்துக்குப் போனார். 1919-இல் சட்டம் கொண்டுவந்தார். அதன்படி, பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்படாத டிராக்டரை அந்த மாநிலத்தில் விற்கக்கூடாது என்றானது. நிறுவனங்களின் விளம்பரத்துக்கும் உண்மைக்கும் இருந்த தூரம் அதற்குப்பின் வேகமாகக் குறைந்தது. நமக்கும் மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும், ஆந்திரத்தின் கார்லதின்னேயிலும் சோதனை நிலையங்கள் உண்டு. நல்ல நிலையங்கள். மலைக்கு விற்கப்படும் எந்த இயந்திரத்துக்கும் மலையிலேயே ஒரு சோதனை வேண்டும் என்பது என் கோரிக்கை. அதைக் கொல்லிமலையில், இங்குள்ளவர்களின் சொந்த நிலத்தில், அவர்களே ஓட்டிச் செய்ய வேண்டும். அறிக்கையில் குதிரைத்திறனுக்கு முன்னால் நான்கு விவரங்கள் வரட்டும்: இரண்டு பேர் தூக்கி அடுத்த படிக்கு மாற்ற முடிந்ததா, இறக்கத்தில் சொன்ன பக்கம் திரும்பியதா, ஒரு மழைக்குப்பின் எவ்வளவு மண் கீழே போனது, பழுதானபோது அடிவாரம் போகாமல் சரிசெய்ய முடிந்ததா. மானியப் பட்டியலில் மலைக்கான இயந்திரம் என்று எழுதுவதற்கு முன் அதிகாரிகள் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால், இயந்திரத்தை வாங்கப்போகும் நீங்கள் கேளுங்கள்.