விற்பதற்கும் சங்கம் வேண்டும்



வட கனடாவில் இனுயிற் மக்களிடம் உரோமத் தோலை வாங்கியதும், அவர்களுக்கு மாவும் தேயிலையும் விற்றதும் பல இடங்களில் ஒரே ஹட்சன் பே கொம்பனிதான். இரு விலையையும் அதுவே வைத்தது. இக்கணக்கு நம் கமக்காரருக்குப் புதிதன்று!

1959ஆம் ஆண்டில், கியூபெக்கின் வடபகுதியில், ஜோர்ஜ் ஆற்றங்கரை மக்கள் ஐக்கிய சங்கமொன்றை நிறுவினர். அதன் முதல் முயற்சி கடையன்று. பிடித்த சார் மீனைத் தெற்கு நகரங்களுக்கு விற்பதே. பொவுங்னிற்றுக் என்னும் ஊரிலோ கற்சிற்பம் செதுக்குவோர், விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தனர். அங்கே கடை அப்பணத்திலிருந்தே எழுந்தது. 1967இல் இச்சங்கங்கள் சமாசமாக இணைந்தன. இன்று அப்பிரதேசத்தின் 14 இனுயிற் கிராமங்களிலும் சங்கம் உண்டு. இலாபம் உறுப்பினருக்கே திரும்புகின்றது.

இங்கோ, 1942ஆம் ஆண்டின் பின்னர் பண்டகசாலைகள் பெருகியது பங்கீட்டு உணவை வழங்குவதற்காக. வாங்கப் பழகினோம், விற்கப் பழகினோமா? யாழ்ப்பாணப் புகையிலையை மலையாள தேசத்துக்கு விற்க ஒரு காலத்தில் விற்பனவுச் சங்கம் கண்டவர்கள் நாம். வெங்காயத்தையோ இன்னும் தரகரின் தராசிலேயே வைக்கின்றோம்.

அடுத்த போகத்துக்கு முன்னரே ஒவ்வொரு சங்கமும் விற்பனவுக் குழுவொன்றை அமைத்தல் வேண்டும். கணக்கறிந்த நம் உத்தியோகத்தர்கள் அதன் புத்தகங்களை எழுதிக் கொடுக்கட்டும்.