இதய அறுவைக்கு முன் நோன்பு



இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவையை 1975ஆம் ஆண்டு பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தார். இன்று தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதியினர் அதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆயினும் நீரிழிவு உடையோர்க்கு அறுவைக்கு முந்தைய நாட்கள் கடினமானவை. சர்க்கரை மிகுந்திருப்பின், பிளந்து இணைத்த மார்பெலும்பில் சீழ்பிடிக்கக்கூடும். புண் ஆறத் தாமதமாகும்.

அறுவைக்கு நாள் குறித்தபின் தசலட்சண பர்வம் வந்துவிட்டால், 'உண்ணாதிருந்தால் சர்க்கரை தானே இறங்கிவிடும்' என்று மூத்தோர் சிலர் கருதுகின்றனர். இக்கருத்து இடர் தருவது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அவற்றை உட்கொண்டு உபவாசமும் இருப்பின், உடலில் கொழுப்பு எரிந்து, குருதியில் கீட்டோன் அமிலம் பெருகக்கூடும். குளுக்கோமீட்டரோ 150 என்று காட்டி ஏமாற்றும்! வாந்தியும் மூச்சிரைப்பும் கண்ட பின்னரே வீட்டார் விழிப்பர். மருத்துவர்கள் அம்மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது 3 நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வர். தேவைப்படின் இன்சுலின் தருவர். தாமாக நிறுத்துதல் கூடாது.

நோன்பிருப்பதை மருத்துவரிடம் சொல்லக் கூசுவோர் உளர். கதிர் மறையுமுன் உண்டு முடிக்கும் வழக்கத்தையும் சொல்லியே ஆகவேண்டும்; இரவு இன்சுலின் அளவு அதனையும் பொறுத்தது.

பதினாறு பாவனைகளுள் தவத்தைக் குறிப்பது 'சக்திதஸ்தபம்'. ஆற்றலுக்கேற்ற தவம் என்பதே அதன் பொருள். சுவாத்தியாயமும் தவமே. அனந்த சதுர்த்தசியன்று உபவாசம் இருக்க இயலாத முதியவர்க்கு, அவர்தம் பேரப்பிள்ளைகள் அருகமர்ந்து அறநூல் படித்துக் காட்டலாம்.