விமானம் வரையும் சிறு பட்டறை



நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பித்து வந்தேன். ஒருநாள் கைப்பம்பின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். உருளையின் அடியிலுள்ள வால்வு மேல்நோக்கித் திறக்க வேண்டும். கையின் அவசரத்தில் அது கீழ்நோக்கித் திறப்பதாகப் போட்டுவிட்டேன். வாயால் சொன்ன விளக்கம் சரியாகவே இருந்தது. ஆண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தியபோதுதான் உண்மை விளங்கிற்று. 41 பேரில் 37 பேர் வால்வைக் கீழ்நோக்கியே வரைந்திருந்தனர். மற்ற நால்வர் படமே வரையவில்லை! காதில் விழுந்தது கரைந்துபோயிற்று. கண்ணில் விழுந்தது தங்கிவிட்டது. ஆசிரியப் பயிற்சியில் மனப்பாடம் செய்திருந்த உளநூல் உண்மையை அன்று என் மாணவர்களின் செலவில் நான் கற்றுக்கொண்டேன்.

அண்மையில் இதனை எனக்கு நினைவூட்டியது ஒரு பொய் விமானம். என் பேரன் வீட்டுக் கணிப்பொறியில் விமானம் ஓட்டுகிறான். ஃபிளைட் சிமுலேட்டர் என்று அதற்குப் பெயர். பாவனை விமானம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். "நீங்களும் ஓட்டிப் பாருங்கள் தாத்தா" என்று என்னை உட்கார வைத்தான். செஸ்னா 172 என்னும் சிறு விமானம். 1955-ஆம் ஆண்டில் முதன்முதல் பறந்து, இதுவரை 44,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்ட விமானம் அது. நான் அதைத் தரையில் மோதியது ஒருபுறம் இருக்கட்டும். மோதுவதற்கு முன்பு என் கண்ணைக் கவர்ந்தது விசைமானி. அதன் வட்டத்தைச் சுற்றி வெள்ளை, பச்சை, மஞ்சள் என்று வளைவுகளும், இறுதியில் ஒரு சிவப்புக் கோடும் தீட்டியிருந்தனர். அழகுக்காக என்று எண்ணினேன். அவ்வாறன்று என்று பின்னர் படித்தறிந்தேன்.

இவ்விமானத்தின் 172எஸ் வகையில் வெள்ளை வளைவு 40 நாட்டிலிருந்து 85 நாட் வரை செல்லும். நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் வேகம். இறக்கையின் பின்புற மடல்களை முழுதும் இறக்கிப் பறக்கத்தக்க வேகம் அவ்வளவே. பச்சை 48 முதல் 129 வரை. அது வழக்கமான பறப்பு. 129 முதல் 163 வரை மஞ்சள். அலைவில்லாத காற்றில் மட்டுமே அந்த வேகம் ஆகும். 163-இல் சிவப்புக் கோடு. அதனை எந்நிலையிலும் தாண்டலாகாது. இனி எண்ணிப் பாருங்கள். இந்த வட்டத்தை வரைந்த சித்திரக்காரர் வெள்ளை வளைவை 85-இல் முடிக்காமல் கை நழுவி 95 வரை இழுத்துவிட்டால் என்ன ஆகும்? படம் அழகாகவே இருக்கும். குற்றம் கண்டுபிடிப்பவர் சிலரே. ஆனால் நாளை மெய்யான விமானத்தில் ஏறவிருக்கும் ஓர் இளைஞன் வீட்டில் அமர்ந்து அதையே நாள்தோறும் பார்க்கிறான். என் பம்பின் வால்வு இங்கே விமானத்துக்குள் நுழைந்துவிடுகிறது!

இந்தப் படங்களை வரைபவர் யார் என்று கேட்டேன். பெரும்பாலும் நான்கைந்து பேர் கொண்ட சிறு பட்டறைகள் என்று தெரிந்தது. சிலி நாட்டின் கரெனாடோ போன்ற பல நிறுவனங்கள் பல நாடுகளில் உள்ளன. ஒரே பட்டறையைச் சேர்ந்தவர் ஒருவரையொருவர் நேரில் காணாமலே, தத்தம் வீட்டிலிருந்து பணி செய்வதும் உண்டு.

இத்தொழிலின் தொடக்கமே ஒரு சிறு பட்டறைதான். அமெரிக்காவில் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர் 1929-இல் முதற் பயிற்சிப் பொறியைச் செய்தார். தந்தையின் தொழிற்சாலையில் ஆர்கன் வாத்தியங்கள் செய்வது குலத்தொழில். அவ்வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே மரத்தாலான விமானப் பெட்டியைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் செய்தார். 1934-இல் மூடுபனியிலும் புயலிலும் தபால் கொண்டு சென்ற படை விமானிகள் பலர் இறந்த பின்னரே, அமெரிக்கப் படையினர் 6 பொறிகளை வாங்கினர்.

அப்பொறியில் காட்சி எதுவும் இல்லை. காட்சி வந்தது கணிப்பொறியால். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்ற புரூஸ் ஆர்ட்விக், சிறு கணிப்பொறியில் பறக்கும் காட்சியை வரைந்து காட்ட முடியும் என்று 1975-இல் ஆய்வுரை எழுதினார். பின்னர் நண்பர் ஸ்டூ மோமெண்டுடன் சப்லாஜிக் என்னும் சிறு நிறுவனத்தை நடத்தினார். ஆப்பிள் கணிப்பொறிக்கு அவர் செய்த முதற் பாவனை விமானம் 16 கிலோபைட் நினைவகத்தில் அடங்கிற்று. தரை என்பது சில கோடுகள். மலை என்பது இன்னும் சில கோடுகள். 1982-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதன் வழிவந்த பாவனை விமானத்தை வெளியிட்டது. இன்று ஒரு விமானத்தின் மேற்பரப்பில் ஒரு பகுதிக்கு மட்டும் தீட்டும் ஓவியத் தாள் 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்டது. பெருக்கிப் பாருங்கள்: 1,67,77,216 புள்ளிகள். ஆர்ட்விக்கிடம் இருந்த நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் 1024 புள்ளிகள்!

பட்டறையில் முதலில் எழும் கேள்வி, எந்த விமானம் என்பதன்று; எந்த ஆண்டின் விமானம் என்பதே. காமெட் என்னும் பிரிட்டிஷ் விமானம் 1952-இல் உலகின் முதல் ஜெட் பயணிச் சேவையைத் தொடங்கிற்று. அதன் முதல் வகையில் சன்னல்கள் ஏறத்தாழச் சதுரமானவை. 1954-இல் இரண்டு விமானங்கள் வானிலேயே சிதறின. உடலில் வெட்டிய திறப்புகளின் மூலைகளில் அழுத்தம் குவிந்து, உலோகம் களைத்துக் கிழிந்தது என்று ஆய்வில் தெரிந்தது. 1958-இல் வந்த காமெட் 4-இல் சன்னல்கள் வளைந்த வடிவம் பெற்றன. காமெட் 4-க்குச் சதுரச் சன்னல் போடும் சித்திரக்காரர், வடிவத்தில் மட்டுமா பிழை செய்கிறார்?

பின்னர் அளத்தல். அருங்காட்சியகத்திலோ விமானக் கொட்டகையிலோ அனுமதி பெற்று, அளவு நாடாவோடும் காமிராவோடும் செல்கின்றனர். வெயில் காயும் நாளைவிட மேகம் மூடிய நாளையே அவர்கள் விரும்புவர். வெயிலில் எடுத்த படத்தில் நிழல் பதிந்துவிடும். அந்த நிழலை அப்படியே விமானத்தின் மேல் ஒட்டினால், இரவில் பறக்கும்போதும் நண்பகல் நிழல் கூடவே வரும்!

அளந்ததை முக்கோணங்களாகக் கட்டுவது அடுத்த வேலை. கணிப்பொறிக்கு வளைவு என்பது தெரியாது. அது அறிந்தது முக்கோணமே. சக்கரத்தையும் பலகோணமாகத்தான் செய்ய வேண்டும். ஆர்க்கிமிடீஸ் வட்டத்தை அளக்க 96 பக்கங்கள் கொண்ட பலகோணத்தை எடுத்துக்கொண்டதை வடிவியல் ஆசிரியர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். பட்டறைக்காரருக்கு அவ்வளவு தாராளம் இல்லை. கணிப்பொறி விநாடிக்கு 30 படங்களேனும் வரைய வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைப்பது ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. அதற்குள் விமானம், மேகம், நிலம், நகரம் அனைத்தும் வரையப்பட வேண்டும். ஆகவே அருகில் நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்குப் பல பக்கங்கள் கொடுத்து, தொலைவில் நிற்பதற்கு எட்டுப் பக்கங்களோடு முடித்துக்கொள்கின்றனர். ஒரே விமானத்தை இவ்வாறு பலமுறை கட்டுகின்றனர். சிக்கனம் பற்றி நமக்குப் பாடம் எடுக்கத் தக்கவர் இவர்கள்.

முப்பரிமாண உடலுக்கு ஓவியம் தீட்ட, முதலில் அதன் தோலை உரித்துத் தட்டையாக விரிக்க வேண்டும். ஆரஞ்சுத் தோலை உரித்து மேசைமேல் பரப்பிப் பாருங்கள். எங்கேனும் கிழியும், அல்லது எங்கேனும் இழுபடும். உலகப் படம் வரைந்தோர் பட்ட அதே பாடு இது. கிழிசலைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விமானத்தின் அடிவயிற்றில் ஒளித்து வைப்பதிலேயே தேர்ந்த கை தெரிந்துவிடும். தோலிலுள்ள ஆயிரக்கணக்கான தறையாணிகளைத் தனித்தனியே கட்டுவதில்லை. மேடு எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதை வண்ணக் குறியாக எழுதி வைத்தால், கணிப்பொறி ஒளியை அதற்கேற்ப மடக்கி மேடுபோலக் காட்டிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் அழுக்குத் தீட்டும் முறை. புதிதாய் வந்தவர் அழுக்கை எங்கும் சமமாகப் பூசுவார். பழகியவர் அவ்வாறு செய்யார். எஞ்சின் புகை காற்றின் போக்கில் பின்னோக்கி நீளும். விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் வண்ணம் தேய்ந்திருக்கும். நாள்தோறும் கைபடும் பிடி பளபளக்கும். யாரும் தொடாத மூலையில் தூசி படியும். அழுக்குக்கும் காரணம் உண்டு. அதை அறிய விமானப் பழுது பார்ப்போரிடம் சென்று கேட்கின்றனர்.

கான்கார்டு விமானத்தைப் பாருங்கள். 2003 நவம்பர் 26-ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபில்டனில் அது கடைசியாகத் தரையிறங்கிற்று. ஒலியைவிட இருமடங்கு வேகத்தில் காற்றின் உராய்வால் உடல் சூடேறி, பல அங்குலம் நீளும். அப்போது விமானி அறையில் பொறியாளரின் கருவிப் பலகைக்கும் அதன் பின்னுள்ள சுவருக்கும் இடையே ஒரு சந்து திறக்கும், குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். கடைசிப் பயணங்களில் பொறியாளர் சிலர் தம் தொப்பியை அதில் செருகி வைத்தனர். விமானம் சுருங்கிற்று, தொப்பி அங்கேயே சிக்கிக்கொண்டது. இனி அந்தச் சந்தை எவரும் திறந்து பார்க்க இயலாது. அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தை மட்டும் படமெடுத்து வருபவர் மூடிய சந்தையே வரைவார். ஓட்டியவரிடம் கேட்டவரே, வானில் திறந்த சந்தை வரைய முடியும். கேட்கத்தக்கவர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

வருவாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டோ இரண்டாண்டோ உழைத்த பின்னரே ஒரு விமானம் விற்பனைக்கு வரும். அதுவரை முந்திய விமானத்தின் வருவாயில் காலம் தள்ள வேண்டும். விமானம் இவர்களுடையது, அது பறக்கும் வானமோ பெரிய நிறுவனத்தினுடையது. 2009 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் பாவனை விமானப் பிரிவை மூடிற்று. பிறகு 2020-இல் பிரான்சு நாட்டு அசோபோ நிறுவனத்தைக் கொண்டு புதியதொன்றை வெளியிட்டது. 2024-இல் மற்றொன்று வந்தது. ஒவ்வொரு முறையும் பழைய விமானங்களைப் புதிய வானத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டியதாயிற்று. இத்தொழிலை நாடும் மாணவருக்கு இதனை மறைப்பது நேர்மையாகாது. கருவிக்கு மட்டும் செலவில்லை. பிளெண்டர் என்னும் முப்பரிமாண வரைகருவி இலவசமாகவே கிடைக்கிறது. அதனைப் பழகுமுன் வடிவியலைப் பழகுங்கள்.

விமானம் வெளிவந்ததும் கடிதங்கள் குவியும். ஒரு பொத்தான் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற பழுது பார்ப்பவர் ஒருவர் எழுதுவார். நல்ல பட்டறை மீண்டும் படங்களைப் புரட்டும். அவர் சொன்னது சரியானால் மாற்றிவிடும். திருத்திய விமானம் இணையத்தின் வழியே ஒரே நாளில், வாங்கிய அனைவருக்கும் போய்ச் சேரும்.

இந்த வசதியைக் கண்டுதான் எனக்குப் பொறாமை. என் 37 மாணவர்களும் அந்தக் கோடை விடுமுறையோடு வெவ்வேறு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பிரிந்து சென்றுவிட்டனர். பிற்காலத்தில் ஐந்தாறு பேரை வழியில் கண்டு பம்பைப் பற்றிச் சொன்னேன். "அதை அன்றே மறந்துவிட்டேன் ஐயா" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்களுள் எவரேனும் இப்போது வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த வால்வு மேல்நோக்கித் திறக்கும்.