காத்து போனா வண்டி நிக்குமா? பழைய பஸ்ஸை வீடாக்கும் முன் ஒரு கேள்வி



பழைய பஸ் ஒண்ணை வாங்கி, சீட்டை எல்லாம் கழட்டிட்டு, உள்ளே கட்டில், கிச்சன், சோலார்னு போட்டு வீடாக்குற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அமெரிக்கா, கனடாவுல இது ரொம்பப் பிரபலம். ஸ்கூல் பஸ்ஸை மாத்தினா அதுக்குப் பேரு 'ஸ்கூலி'. எம்.சி.ஐ., ப்ரீவோ மாதிரி நெடுந்தூர பஸ்களையும் இப்படி மாத்துறாங்க. இந்த வீடியோக்கள்ல டைல்ஸ் பத்தி நிறைய இருக்கும், பிரேக் பத்தி பெரும்பாலும் இருக்காது. இன்னைக்கு நாம பேசப்போறது பிரேக் பத்திதான்.

விக்கிறவர்கிட்ட "பிரேக் எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, "சூப்பரா பிடிக்குது"ன்னுதான் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனா நாம கேட்க வேண்டிய கேள்வி வேற: "இந்த பிரேக் ஃபெயில் ஆனா, வண்டி என்ன பண்ணும்?" இதுக்கான பதில் பஸ்ஸுக்கு பஸ் மாறும்.

முதல்ல ஏர் பிரேக். நம்ம ஊர் பஸ் ஸ்டாப்புல வண்டி நின்னதும் 'புஸ்ஸ்'னு ஒரு சத்தம் கேட்கும் இல்லையா? அது இந்தக் காத்துதான். இன்ஜின் சுத்தும்போது கம்ப்ரஸர் காத்தை அழுத்தி டேங்க்ல நிரப்பும். பெடலை மிதிச்சா அந்தக் காத்து ஒவ்வொரு சக்கரத்துக்கிட்ட இருக்கிற சேம்பருக்குப் போய், ஒரு கம்பியைத் தள்ளும். அந்தத் தள்ளல்ல பிரேக் ஷூ டிரம்மைப் பிடிக்கும். காத்து அங்கே போய்ச் சேர கிட்டத்தட்ட அரை செகண்ட் ஆகும். மணிக்கு 55 மைல் வேகத்துல அந்த அரை செகண்டுக்குள்ள வண்டி சுமார் 40 அடி போயிடும். கார் ஓட்டிப் பழகின காலுக்கு இது புதுசு.

"ஏர் பிரேக்ல காத்து போனா வண்டி தானா நின்னுடும்"னு பலரும் சொல்வாங்க. இது பாதி உண்மை. கால் பிரேக்குக்குக் காத்து வேணும். காத்து இல்லேன்னா அது வேலை செய்யாது. வண்டியை நிறுத்துறது பார்க்கிங் பிரேக்ல இருக்கிற பெரிய ஸ்பிரிங். காத்து இருக்கிற வரைக்கும் அந்த ஸ்பிரிங் அமுங்கியே இருக்கும். அழுத்தம் 20லிருந்து 45 பி.எஸ்.ஐ.க்குள்ள இறங்கும்போது ஸ்பிரிங் விரிஞ்சு பிரேக்கைப் பிடிக்கும், அதுவும் பொதுவா பின் சக்கரங்கள்ல மட்டும்.

இங்கதான் வண்டியோட வயசு முக்கியமாகுது. அமெரிக்காவுல 1975ல வந்த விதி, ஏர் பிரேக் சிஸ்டத்தை இரண்டு தனித்தனி சர்க்யூட்டா பிரிக்க வச்சது. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு வேலை செய்யும். அதுக்கு முந்தின பல பஸ்கள்ல ஒரே சர்க்யூட்தான். பழைய எம்.சி.ஐ. வண்டிகள் பலதுல 'டிடி-3'ன்னு ஒரு வகை இருக்கும். அதுல ஸ்பிரிங் கிடையாது. காத்தால பிடிச்சு, ரோலர்களால பூட்டிக்கும். பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க பட்டனை அமுக்கினா மட்டும் போதாது, கால் பிரேக்கையும் மிதிக்கணும். இது தெரியாம வாங்கினா, முதல் நாளே வண்டி நகராம நிக்கும்.

ஸ்கூல் பஸ்கள்ல நிறைய ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு, கார் மாதிரி பிரேக் ஆயில்ல ஓடுறது. மோசம்னு இல்லை, கெட்டுப்போற விதம் வேற. ஆயில் ஈரத்தை இழுத்துக்கும். நீண்ட இறக்கத்துல சூடு ஏறி அது கொதிச்சா, பெடல் தரை வரைக்கும் போயிடும். பனிக்காலத்துல ரோட்டுல உப்பு போடுற ஊர்ல ஓடின வண்டின்னா, அடியில இருக்கிற இரும்புக் குழாய்களை ஒண்ணு விடாமப் பார்க்கணும்.

சரி, ஏர் பிரேக் பஸ்ஸைப் பார்க்கப் போறீங்க. என்ன செய்யணும்?

ஒண்ணு: சமதளத்துல நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க. இன்ஜினை ஓடவிட்டு கேஜைப் பாருங்க. இரட்டை சர்க்யூட் வண்டியில 85லிருந்து 100 பி.எஸ்.ஐ. ஏற 45 செகண்டுக்கு மேல ஆகக்கூடாது.

இரண்டு: காத்து முழுசா நிரம்பினதும் இன்ஜினை அணைச்சு, பார்க்கிங் பிரேக்கை விடுவிச்சு, பெடலை நல்லா மிதிச்சு ஒரு நிமிஷம் பிடிங்க. 3 பி.எஸ்.ஐ.க்கு மேல இறங்கினா எங்கேயோ கசிவு.

மூணு: சாவியை ஆன்ல வச்சு, பெடலை மிதிச்சு மிதிச்சு விடுங்க. 60க்குக் கீழே போறதுக்குள்ள எச்சரிக்கை வரணும். தொடர்ந்து மிதிச்சா, ஸ்பிரிங் பிரேக் வண்டியில 20க்கும் 45க்கும் நடுவுல பார்க்கிங் பட்டன் தானா வெளியே வரணும்.

நாலு: அடியில போய்ப் பார்க்கிற வேலையை ஏர் பிரேக் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட விடுங்க. பார்க்கிங் பிரேக்கை விடுவிச்சு, சேம்பர் கம்பியைக் கையால இழுத்தா சுமார் ஒரு இன்ச்சுக்கு மேல வரக்கூடாது. 1994 அக்டோபருக்கு அப்புறம் தயாரான வண்டிகள்ல இது தானா அட்ஜஸ்ட் ஆகணும். ஆகலைன்னா வேற ஏதோ கோளாறு; வெறுமனே திருகி விட்டா தீராது. முக்கியமா, ஸ்பிரிங் சேம்பரை நீங்களா கழட்டாதீங்க. உள்ளே அமுங்கியிருக்கிற ஸ்பிரிங் ஆளையே கொன்னுடும்.

அப்புறம் எடை. 100 கேலன் தண்ணி டேங்க் வச்சா, தண்ணி மட்டும் 378 கிலோ. பேட்டரி, மரவேலை எல்லாம் இதுக்கு மேல. வண்டியில ஒட்டியிருக்கிற தகட்டுல அதிகபட்ச எடை இருக்கும். பிரேக்கைக் கணக்குப் போட்டது அந்த எடைக்குத்தான். இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்காதீங்க. முன்கூட்டியே சின்ன கியருக்கு மாத்துங்க. 40 மைல் பாதுகாப்பான வேகம்னா, 40 தொட்டதும் அழுத்தி மிதிச்சு 35க்குக் கொண்டுவந்து விடுங்க. திரும்ப 40 வந்ததும் மறுபடி.

லைசென்ஸையும் பாருங்க. கனடாவுல ஒன்டாரியோவுல ஏர் பிரேக் வண்டி ஓட்ட 'இசட்' அனுமதி வேணும், வீடா மாத்தின வண்டிக்கும்தான். அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

இந்தச் சோதனைகளை எல்லாம் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி செய்யுங்க. அப்போ தெரியுற கோளாறுக்கு விலையைக் குறைக்கலாம், இல்ல வேண்டாம்னு வந்துடலாம். இந்தப் பஸ் உங்க வீடு. உள்ளே தூங்கப்போறது உங்க குடும்பம். மலை இறக்கத்துல அந்த வீட்டை நிறுத்தப்போறது பிரேக் மட்டும்தான்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். பத்திரமா ஓட்டுங்க.