மூட வேண்டியதும் திறக்க வேண்டியதும்

(வானொலியில் ஆற்றிய மறையுரைச் சிந்தனை)



இன்று நான் செய்த ஒரு தவறைச் சொல்லித் தொடங்குகிறேன். அது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அப்போது நான் வேறொரு பங்கில் இருந்தேன். ஞாயிறு திருப்பலி முடிந்து திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் வாசலில் வந்து நின்றார். தம் மகளுக்கு அறுவை சிகிச்சை என்றும், செபிக்க வேண்டும் என்றும் கண் கலங்கச் சொன்னார். நானும் உண்மையாகவே செபித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாரும் சேர்ந்து செபித்தால் நல்லதுதானே என்று நினைத்து, அன்று பிற்பகலில் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண்ணின் பெயர், நோய், மருத்துவமனை, சிகிச்சை நாள் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். அடுத்த நிமிடமே கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. நல்லதொரு காரியம் செய்த நிறைவோடு தூங்கப் போனேன்.

இரண்டே நாளில் அந்தச் செய்தி, அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பேச்சு நின்றுபோனது. தாய் என்னைப் பார்க்க வந்தார். சத்தம் போடவில்லை. "சாமி, நான் உங்ககிட்டத்தான் சொன்னேன். ஊருக்குச் சொல்லலையே" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அப்படிப்பட்ட சம்பந்தம் போனதே நல்லது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்ற முடிவு அவர்களுடையது. அந்த முடிவைத்தான் நான் அவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

இந்த நிகழ்ச்சியை இங்கே சொல்ல அந்தத் தாயிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். எந்தப் பங்கு, எந்த வீடு என்று தயவுசெய்து யாரும் தேட வேண்டாம்.

அன்று இரவு நான் விவிலியத்தைத் திறந்து தொடக்க நூல் ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்தேன். நோவா திராட்சை மது அருந்தி, ஆடை விலகிய நிலையில் தம் கூடாரத்தில் கிடக்கிறார். மகன் காம் அதைப் பார்க்கிறான். வெளியே வந்து சகோதரர்களிடம் சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னான். ஆனால் சேமும் எப்பேத்தும் என்ன செய்தார்கள்? ஒரு துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்னோக்கி நடந்துபோய்த் தந்தையை மூடினார்கள். குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது அந்தச் சாபத்தைப் பற்றித்தான் நிறைய விவாதித்தோம். அந்தப் பின்னோக்கிய நடையை நான் கவனித்ததே இல்லை. உண்மையாக இருப்பதெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டியதல்ல. ஒருவருடைய பலவீனத்தைப் பார்க்க நேர்ந்தால், முதலில் துணியைத் தேட வேண்டும், கைப்பேசியை அல்ல.

அன்பார்ந்தவர்களே, நான் தவறியது ஒரு முறை. நம் சட்டைப் பையில் இருக்கும் கருவியோ இதை நாள் முழுவதும் செய்யக்கூடியது. டார்ச் விளக்குக்காக ஒரு செயலியை இறக்குகிறோம். நம் தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்று அது கேட்கிறது. விளக்கு எரிய நம் மச்சான், கொழுந்தியாள் எண்கள் எதற்கு என்று நாம் யோசிப்பதில்லை. 'அனுமதி' என்று அழுத்திவிடுகிறோம். நம்மைப் பற்றிய செய்தியை மட்டுமா கொடுத்தோம்? நம்மை நம்பி எண்ணைத் தந்த அத்தனை பேரையும் சேர்த்துக் கொடுத்தோம்.

இதன் கசப்பை அவசரத்துக்குக் கடன் வாங்கிய குடும்பங்கள் அறியும். சில கடன் செயலிகள் கைப்பேசியில் உள்ள எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறியதும் உறவினர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் அவமானமான செய்திகளை அனுப்பின. இப்படிப்பட்ட புகார்கள் குவிந்த பிறகு, 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வழிமுறைகளை வெளியிட்டது. கடன் கொடுக்கும் செயலி நம் தொடர்பு எண்களையும், அழைப்பு விவரங்களையும், படக் கோப்புகளையும் தொடக்கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே கடன் கேட்கும்போது ஒரு செயலி உங்கள் எண்களைக் கேட்டால், அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடுங்கள்.

நாட்டின் சட்டமும் இந்த விஷயத்தில் ஏழைகளின் பக்கம் நிற்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. நம் விவரங்களை எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைத் தமிழிலும் கேட்டுப் பெற அந்தச் சட்டம் வழி செய்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளின் விவரங்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது.

"சாமி, நான் தப்பு எதுவும் செய்யலை. மறைக்க என்னிடம் என்ன இருக்கு?" என்று நல்ல மனிதர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பதுண்டு: குளிக்கப் போகும்போது ஏன் தாழ்ப்பாள் போடுகிறீர்கள்? வாக்குச் சாவடியில் ஏன் மறைப்பு வைத்திருக்கிறார்கள்? ஒப்புரவு அருட்சாதனத்தில் ஏன் திரை? அங்கே கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குத் திருஅவை மிகக் கடுமையான தண்டனை வைத்திருக்கிறது. தவறு செய்பவர்களைக் காப்பாற்றுவதற்காக அல்ல. அந்தத் திரை இருந்தால்தான் மனிதன் வாய் திறந்து உண்மை பேசுவான். மூடிய கதவு எப்போதும் குற்றத்தின் அடையாளம் அல்ல. பல நேரங்களில் அது நம்பிக்கை வளரும் இடம்.

மனிதரைப் பற்றியவற்றை மூடிவைக்க வேண்டும் என்றேன். அப்படியானால் எதைத் திறந்துவைப்பது? இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் பங்கின் ஓர் இளைஞர். அலுவலகக் கணினியைப் பழுதுபார்க்க வந்தவர், தயங்கித் தயங்கி, "ஃபாதர், இதுல இருக்கிறது திருட்டு நகல்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. களவு செய்யாதே என்று மேடையில் நின்று சொல்கிறேன். ஞானஸ்நானச் சான்றிதழைத் திருட்டு மென்பொருளில் அச்சடித்துக் கொடுக்கிறேன். அவர் அதை நீக்கிவிட்டு லிபர்ஆபிஸ் என்ற மென்பொருளைப் போட்டுத் தந்தார். அதற்கு விலை இல்லை. அதை நகலெடுத்து யாருக்கும் கொடுக்கலாம். அது களவு ஆகாது. இந்த உரையையும் அதில்தான் தட்டச்சு செய்தேன்.

விலையில்லாத செயலிகளிடம்தானே எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறார்கள், இதை மட்டும் எப்படி நம்புவது என்று அவரிடம் கேட்டேன். அவர் கோயில் திருவிழா அசனத்தைக் காட்டி விளக்கினார். கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, எல்லார் கண்முன்னும் சமைக்கிறோம். எந்த அரிசி, எவ்வளவு உப்பு என்பதை யார் வேண்டுமானாலும் அண்டாவை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்தவர் ஒருவர் "உப்பு கூடிப்போச்சு" என்று சொல்லலாம். கரண்டியை வாங்கித் தாமே கிண்டலாம். செய்முறையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கட்டற்ற மென்பொருள் என்பதும், திறந்த மூல மென்பொருள் என்பதும் இதுதான். அதன் செய்முறையை, அதாவது மூல நிரலை, எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒட்டி வரும் பொட்டலத்தில் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது கட்டியவருக்கு மட்டுமே தெரியும்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது இளைஞர் தொடங்கிய லினக்ஸ், இன்று உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் அடித்தளமாக இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் 'பாஸ்' என்ற பெயரில் இருந்ததும் அந்த லினக்ஸ்தான். உலகெங்கும் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர், பலர் ஊதியமே இல்லாமல், செய்து வைத்ததை நாம் பயன்படுத்துகிறோம்.

ஆனாலும் திறந்திருப்பது மட்டும் போதாது. யாராவது எட்டிப் பார்க்கவும் வேண்டும். 2024-இல் ஒன்று நடந்தது. கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய திறந்த மூலக் கருவி. பெயர் எக்ஸ்இசட். அதைப் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். அவர் சோர்ந்திருந்தார். வேலை தாமதமாகிறது என்று சிலர் அவரை நெருக்கினார்கள். அப்போது உதவுகிறேன் என்று ஒருவர் வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு, மற்றவர்களின் கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு கள்ளக் கதவை அதற்குள் ஒளித்து வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தம் வேலையின் நடுவே, கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. செய்முறை திறந்திருந்ததால் தோண்டித் தோண்டிப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார். கள்ளக் கதவு பரவலான பயன்பாட்டுக்குப் போகுமுன் அகற்றப்பட்டது. அவர் அறிவித்த நாள் மார்ச் 29. அந்த ஆண்டு அது பெரிய வெள்ளி.

இந்த நிகழ்ச்சியில் எனக்கு இரண்டு பாடங்கள். சின்ன வேறுபாட்டையும் கவனிக்கிற ஒருவர், தமக்குத் தெரியாத எத்தனையோ பேரைக் காப்பாற்ற முடியும். இரண்டாவது, பொதுக் காரியத்தைத் தனி ஆளாகச் சுமக்கிறவரிடம் குறை மட்டும் சொல்லக்கூடாது. நம் பங்குகளிலும் அப்படிச் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாடகர் குழுவை நடத்துபவர், கணக்கு எழுதுபவர், மறைக்கல்வி நடத்தும் அக்கா. அவர்கள் சோர்ந்திருக்கும்போது தோள் கொடுப்பது நம் கடமை.

அன்பார்ந்தவர்களே, நான் சொல்ல விரும்பியது இதுதான். செய்யும் வேலையைத் திறந்து வைப்போம். மனிதரின் மானத்தை மூடி வைப்போம். இன்று இது தலைகீழாகிக் கிடக்கிறது. நம் கைப்பேசிக்கு நம்மைப் பற்றி எல்லாம் தெரியும். அதற்குள் என்ன நடக்கிறதென்று நமக்கு எதுவும் தெரியாது. கோயில் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டத் தயங்குகிறோம். ஒரு குடும்பத்தின் கண்ணீரைக் குழுவில் போடத் தயங்குவதில்லை.

இந்த வாரம் சிறிது நேரம் ஒதுக்குங்கள். கைப்பேசியின் அமைப்புகள் பகுதியில் 'அனுமதிகள்' என்று இருக்கும். எந்தச் செயலி உங்கள் எண்களையும் ஒலிவாங்கியையும் இருப்பிடத்தையும் தொடுகிறது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். தேவையில்லாததை நீக்குங்கள். வாட்ஸ்அப் செய்தி வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுத்தான் வருகிறது. ஆனால் வந்து சேர்ந்த பிறகு அந்தப் பூட்டின் சாவி நம் விரலில்தான் இருக்கிறது. இன்னொருவரின் நோயை, கடனை, குடும்பச் சண்டையை அடுத்தவருக்கு அனுப்புமுன், "உங்களைப் பற்றிச் சொல்லலாமா?" என்று அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் பங்கிலும் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். செப விண்ணப்பங்களில் இப்போது பெயர் இல்லை. "நம் சகோதரி ஒருவருக்காக" என்று மட்டும் எழுதுகிறோம். பெயர் இறைவனுக்குத் தெரியும். புதுநன்மை வாங்கும் குழந்தைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி எங்கும் போடுவதில்லை. குடும்பப் பதிவேட்டைப் படமெடுத்து அனுப்புவதில்லை. திருவிழா வரவு செலவுக் கணக்கோ, எல்லாரும் பார்க்கும்படி வாசலிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது.

அந்தத் தாயிடம் இந்த உரைக்காக அனுமதி கேட்கப் போனேன் அல்லவா? மகள் நலமாகி வேலைக்குப் போவதாகச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அவர் என்னிடம் செபிக்கச் சொல்லி எதுவும் கேட்டதில்லை. நான் சொல்ல வந்ததைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இந்தத் தடவை கேட்டீங்களே சாமி. சொல்லுங்க" என்றார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, மெல்லிய குரலில் ஒரு காரியத்துக்காகச் செபிக்கச் சொன்னார்.

அது என்ன என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இறைவன் உங்கள் இல்லங்களையும் உள்ளங்களையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.