கையெழுத்துச் சாவி யார் கையில்?

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஊராட்சியின் திட்டம், கணக்கு, பணம் வழங்கல் ஆகியவற்றை ஒன்றிணைக்கும் இ-கிராம் ஸ்வராஜ் என்னும் கணினி ஏற்பாடு 24-4-2020 அன்று துவக்கப்பெற்றது. அதில் ஏற்றப்படும் ஒவ்வொரு வேலைக்கும் தனி எண் உண்டு. நிதிக்குழு மானியச் செலவு அவ்வெண்ணின்பேரில் எழுதப்படுகிறது. ஒருவர் பட்டியலை ஏற்ற, மற்றொருவர் சரிபார்த்து ஒப்ப வேண்டும். அதற்காகவே இருவருக்கும் தனித்தனி மின்கையெழுத்துச் சாவி.

சென்ற ஆண்டு ஓர் ஊராட்சிக்கு நாம் தணிக்கைக்குச் சென்றிருந்தோம். இரு சாவிகளும் கணினி இயக்குபவரின் மேசை இழுப்பறையில் ஒரே ரப்பர் வளையத்தில் கிடந்தன. கடவுச்சொற்களோ நாட்காட்டியின் பின்புறத்தில்! சிறுபாலம் ஒன்றிற்கு முழுத்தொகையும் வழங்கப்பட்டிருந்தது; வாய்க்காலில் எழும்பியிருந்ததோ ஒரு பக்கச் சுவர் மட்டுமே. "எங்களுக்கு ஒன்றும் தெரியாதே" என்றனர் சாவிக்குரியோர். அது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மின்கையெழுத்து கைக்கையெழுத்துக்கு ஒப்பாகும். அதனைப் பிறர் கைக்குப் போகாமல் காப்பதும் உரியவரின் கடமையே.

நாமும் குற்றமற்றவர் அல்லோம். மாறுதலில் சென்ற எழுத்தர் ஒருவரின் பயனர் கணக்கை மூன்று மாதம் அடைக்காமலே விட்டிருந்தோம். இப்பொழுது மாறுதல் உத்தரவு வந்த அன்றே அடைத்துவிடுகிறோம்.

சாவி தொலைந்தால் தயங்காது அன்றே எழுதித் தாருங்கள்; முடக்க ஏற்பாடு செய்வோம். விவசாயிகளே, கிராம சபையில் வேலையின் எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். செலவு விவரத்தைக் கைபேசியிலேயே காணலாம். காணத் தெரியாதவர்கள் வட்டார அலுவலகத்திற்கு வாருங்கள், உடனிருந்து காட்டுவோம்.